கிளாரினெட் மாஸ்டர், கானா அண்ணன், ஹார்மோனியம் அத்தை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனைச் சமுதாயக் கூடத்தில் மூன்று பேருக்குப் பாராட்டு விழா நடத்தினோம். கூடம் நிறைந்துவிட்டது. வாசலில் போட்ட நாற்காலிகளும் நிறைந்தன. பிறகு வந்தவர்கள் ஓரமாக நிறுத்தியிருந்த மீன்பாடி வண்டிகளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மூவரில் ஒருவர் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். வயது எழுபத்து நான்கு. இன்னொருவர் சாவு வீடுகளில் கானா பாடுபவர். மூன்றாமவர் சின்ன சர்ச் ஒன்றில் நாற்பது ஆண்டுகளாக ஹார்மோனியம் வாசிக்கும் அம்மா. எங்கள் பகுதியில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மாஸ்டர், கானா அண்ணன், அத்தை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் மேடையில் பலர் பேச வந்ததைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அங்கே விட்டுப்போனதை எழுதி வைக்கிறேன். பக்கத்துத் தெருக்காரர்கள் சிலர் தங்கள் மேளக்காரருக்கும் இப்படிச் செய்ய வேண்டும் என்று வழி கேட்டார்கள். அவர்களுக்கும் இது உதவட்டும்.

வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, தட்டச்சு, மனு எழுதிக் கொடுப்பது எல்லாம் அங்கேதான். முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழைத் திருத்தம் என்று நாள் முழுவதும் மனிதர்களின் வாழ்க்கை தாள் தாளாக என் கையைக் கடந்து போகும். எழுபது ஆண்டு உழைத்தவர் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவரும் தாள்கள் பத்துகூட இருக்காது.

மாஸ்டரும் அப்படி ஒரு பையோடுதான் வந்தார். நலிந்த நிலையில் இருக்கும் கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் நிதியுதவி இருக்கிறது. 58 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்த மனு திரும்பி வந்திருந்தது. வயதுக்குச் சான்று இருந்தது, வருமானத்துக்குச் சான்று இருந்தது. கலைத்துறையில் ஈடுபட்டதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். மாஸ்டர் அந்த வரியைக் காட்டி, "இதற்கு என்ன வைக்க வேண்டும் அம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையிலிருந்த துணி உறையை மேசைமேல் வைத்தார். உள்ளே கிளாரினெட். அதைத்தான் அவர் ஆதாரமாகக் கொண்டுவந்திருந்தார்.

சபாவில் பாடுகிறவருக்கு அழைப்பிதழ் இருக்கும், பத்திரிகை விமர்சனம் இருக்கும், பாராட்டுப் பத்திரம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கும். கல்யாணப் பத்திரிகையில் நாதசுரக்காரர் பெயரைக்கூட அச்சிடுவார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வரும் பேண்டுக்காரர் பெயரை எந்தப் பத்திரிகையில் பார்த்திருக்கிறோம்? சாவு வீட்டில் யார் அழைப்பிதழ் அடிக்கிறார்கள்? ஐம்பது ஆண்டாக எங்கள் பகுதியின் கல்யாணம், காவடி, கூழ் ஊற்றும் திருவிழா, கிறிஸ்துமஸ் பவனி, சவ ஊர்வலம் எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்துபோன மனிதர், எழுத்தில் ஓரிடத்திலும் இல்லை. விழா எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது அந்த மேசை முன்னால்தான். பாராட்டவேண்டும் என்ற ஆசை இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் அவர் பெயரை அச்சில் ஏற்றவேண்டும் என்று கை பரபரத்தது.

இசை என்றாலே மயிலாப்பூர், தியாகராய நகர் என்று பேசுவது ஊரில் வழக்கமாகிவிட்டது. எங்கள் வடசென்னைப் பக்கத்தின் கதை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தங்கியது பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில். திருவொற்றியூர் திரிபுரசுந்தரிமேல் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பையர் இந்த வட்டாரத்துக்காரர். வீணை தனம்மாள் வாழ்ந்தது ஜார்ஜ் டவுனில். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருந்துகொண்டு கந்தகோட்டத்து முருகனைப் பாடினார் வள்ளலார். சூபிப் பாடல்கள் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியிருப்பதும் வடசென்னையில்தான். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனையில் நிற்கிறது. எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரப் பயணம்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் தனம்மாளோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுவதில்தான் எனக்கு வருத்தம். அதற்குப் பிறகு வடசென்னை என்றால் துறைமுகம், மீன், அடிதடி என்று எழுதுகிறார்கள். இசை இங்கிருந்து எங்கும் போய்விடவில்லை. மில் சங்குக்கும் லாரிகளின் இரைச்சலுக்கும் நடுவில் அது வேறு கைகளுக்கு வந்தது. அந்தக் கைகள் எந்தச் சேரியிலிருந்து, எந்தக் குப்பத்திலிருந்து வந்தவை என்பது ஊருக்குத் தெரியும். அதனால்தான் அவர்களைக் கலைஞர் என்று சொல்ல ஊருக்கு நா எழவில்லை. மதுரைப் பக்கத்துப் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது கானா அண்ணன் என் கடைக்கு வந்து செய்தித்தாளில் இருந்த படத்தைப் பெரிதாக்கி நகல் எடுத்துக்கொண்டு போனார். அது இன்றும் அவர் வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

மாஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். இளவயதில் சர்ச் பேண்டு மாஸ்டர் ஒருவரிடம் நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொண்டு, ஷிப்ட் முடிந்த பிறகு வாசிக்கப் போவாராம். 1996-இல் மில் மூடப்பட்டபோது, கூட வேலை பார்த்தவர்களில் பலர் காவலாளி வேலைக்கும் தள்ளுவண்டிக்கும் போனார்கள். இவருக்கு வாத்தியமே முழுநேரப் பிழைப்பானது. அந்தப் பிழைப்பின் கணக்கு விசித்திரமானது. தை முதல் ஆனி வரை முகூர்த்தங்கள், நடுவில் பங்குனிக் காவடி. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். புரட்டாசி காய்ந்துவிடும். மார்கழியில் கல்யாணமே கிடையாது. கிறிஸ்துமஸ் பவனிதான் அடுப்பெரிய வைக்கும். சாவுக்கு மட்டும் மாதமும் இல்லை, நேரமும் இல்லை.

அவருடைய கிளாரினெட்டைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். கறுப்பு மரம், துண்டு துண்டாகக் கழற்றலாம். துண்டுகள் சேரும் இடத்தில் இருந்த தக்கை எப்போதோ தேய்ந்துபோய், மெழுகு தேய்த்த நூலை நெருக்கமாகச் சுற்றி வைத்திருக்கிறார். ஒரு சாவியின் ஸ்பிரிங் உடைந்த இடத்தில் ரப்பர் பேண்டு. உப்புக்காற்றில் சாவிகளின் பளபளப்பு போய், விரல் படும் இடம் மட்டும் மினுங்குகிறது. ஊதுகிற பட்டையை ரீடு என்பார்கள். அதை பிளேடால் இழை இழையாகச் சீவி, நாக்கில் வைத்து ஊறவிட்டுத்தான் வாசிப்பார். அது ஊறுகிற வரை பேச முடியாது. சாவு வீட்டு வாசலில் அவர் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்துப் பெரிய மனிதர் துக்கம் காக்கிறார் என்று சொல்லிக்கொள்வார்கள். மாஸ்டரிடம் கேட்டேன். ரீடு ஊறுவதற்காகத்தான் பேசுவதில்லை, ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து வரும் அழுகையைக் கேட்டுத்தான் எந்தச் சுரத்தில் தொடங்குவது என்று முடிவு செய்வேன் என்றார்.

திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்துப் பேர் பெற்றவர், 2022-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் வாசித்த ராகங்களை வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகியதாக மாஸ்டர் சொல்வார். தோடி வாசித்துக் காட்டச் சொன்னால் வெட்கப்படுவார். ஆனால் இரவு ஊர்வலம் முடிந்து திரும்பும்போது, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வாசிப்பதை எங்கள் தெருப் பெண்கள் ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறோம்.

குழுவுக்குக் கிடைக்கும் தொகையைத் தலைவர் கூடுதலாக எடுத்துக்கொள்வதுதான் தொழில் வழக்கம். இவர் பாஸ் டிரம் சுமக்கும் பையனுக்கு என்ன கொடுக்கிறாரோ அதைத்தான் தனக்கும் எடுத்துக்கொள்வார். சாவு வீட்டில் பேரம் பேச மாட்டார். கொடுப்பதை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார். யாருமற்றவர் இறந்துபோனால், ஒரு சைடு டிரம்மைக் கூட்டிக்கொண்டு காசு வாங்காமல் மூலக்கொத்தளம் சுடுகாடு வரை வாசித்துக்கொண்டே போவார். சாயங்கால நேரங்களில் மொட்டைமாடியில் பையன்களுக்கு ட்ரம்பெட், சாக்ஸபோன் சொல்லிக் கொடுத்தார். கட்டணம் கிடையாது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்ற பையனுக்கு அன்று வாத்தியமும் கிடையாது. அவரிடம் கற்றவர்களில் சிலர் போலீஸ் பேண்டில் சேர்ந்து சீருடையோடு வாசிக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் நின்றபோது, வாத்தியம் ஏற்றும் மீன்பாடி வண்டியில் இந்தப் பையன்கள்தான் பால் பாக்கெட்டும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கானா அண்ணன் பற்றி எழுதும்போது என் அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அப்பாவும் மில் தொழிலாளி. அவர் இறந்த இரவு, உறவுகள் வருவதற்காகக் காலை வரை காத்திருந்தோம். அப்போது கானா அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவுடன் பாடிவிடவில்லை. அம்மாவிடம் கொஞ்சம், என்னிடம் கொஞ்சம், வாசலில் நின்ற அப்பாவின் சிநேகிதர்களிடம் அதிக நேரம் என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். எந்த ஊர், எந்த டிபார்ட்மெண்ட், எதைச் சாப்பிடுவார், யாரோடு சண்டை, எதற்குச் சிரிப்பார். பிறகு டேப், சட்டி என்ற தோல்வாத்தியங்களும் டோலக்கும் சேர, புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியக்காரர் ஒரு இழுப்பு இழுக்க, பாடத் தொடங்கினார். மில் மூடிய பிறகும் அப்பா அதே நேரத்துக்கு எழுந்து, ஊதாத சங்குக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்ததைப் பாட்டில் வைத்தார். சிநேகிதர் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அப்பா கைக்கடிகாரத்தை அடகு வைத்ததையும் வைத்தார். அந்தக் கடிகாரம் தொலைந்துவிட்டதாகத்தான் எங்கள் வீட்டில் அத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தோம். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

மரண கானா என்றால் குடித்துவிட்டுக் கத்துவது என்று நினைப்பவர்கள் ஓர் இரவு முழுக்க இருந்து கேட்டதில்லை. எழுதி வைத்துக்கொள்ளாமல், கேட்டதை அங்கேயே எதுகையோடு கட்டி, நாலு வரிக்கு ஒருமுறை கூட்டத்தைத் தன்னோடு சேர்த்துப் பாட வைப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்! குணங்குடியார் பாட்டும் பட்டினத்தார் பாட்டும் கானா அண்ணனுக்கு மனப்பாடம். இரண்டையும் அவர் வாத்தியார் வாய்மொழியாகவே சொல்லிக் கொடுத்தாராம். பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூருக்கு ஆண்டுக்கொரு முறை நடந்தே போய்வருவார்.

இத்தனை செய்தவரைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். சாவுக்குப் பாடுகிற வாய், அபசகுனமாம். அப்பனுடைய சாவுக்கு விடியவிடியப் பாட வைத்துக் கேட்டவர்கள், அதே வீட்டில் மகள் கல்யாணத்தன்று அவர் வாசலில் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர் இதை எந்த மேடையிலும் சொன்னதில்லை, நான் சொல்கிறேன். 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறிக் கானா பாடியபோதும், ராயபுரத்துப் பெண் இசைவாணியின் பெயர் 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தபோதும் ஊர் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. இளைய தலைமுறைக்கு ஒரு கதவு திறந்தது எனக்கு மகிழ்ச்சி. அறுபதைக் கடந்து, குரல் உடைந்து, பகலில் மூட்டை தூக்கி இரவில் பாடியவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதற்குள் பாதி வாழ்க்கை போய்விட்டது.

அத்தையின் கதை சத்தமில்லாதது. கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பாடவும் வாசிக்கவும் தெரு முழுக்கப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளை ராகம் தாளத்தோடு, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தித்தான் பாட வேண்டும் என்பார். கிறிஸ்துமஸ் மாதத்தில் வீடு வீடாகப் பாடிப் போகும் குழுவில், ஹார்மோனியத்தைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவரே நடப்பார். மார்கழி பஜனைக்குக் கோயில்காரர்கள் ஹார்மோனியம் கேட்டபோது பெட்டியைக் கொடுத்தனுப்பாமல் தானே போய் உட்கார்ந்து வாசித்தவர். 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் நாள். ஊரடங்கு. சர்ச் பூட்டிக் கிடந்தது. விடியற்காலையில் மொட்டைமாடிக்கு ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டுபோய் உயிர்ப்பின் பாட்டுகளை வாசித்தார். மாடி மாடியாக மனிதர்கள் வந்து நின்றார்கள். எதிர்வீட்டு பாய் குடும்பம் கடைசிப் பாட்டு முடியும்வரை நின்றது. அந்த மாதங்களில் மாஸ்டரின் குழுவுக்கு ஒரு வேலையும் இல்லை; கல்யாணமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. அத்தை தன் பாட்டுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அரிசியாக வாங்கி, பேண்டுக்காரர் வீடுகளுக்கு இருட்டிய பிறகு கொடுத்தனுப்பினார். பகலில் கொடுத்தால் வாங்கக் கூச்சப்படுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி விழா. சில விஷயங்களில் நான் பிடிவாதமாக இருந்தேன். சொல்கிறேன்.

பாராட்டப்படுகிறவரை அதே மேடையில் இலவசமாக வாசிக்கச் சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது கூடாது என்றேன். மாஸ்டரின் மாணவர்கள் வாசித்தார்கள். அவர்களுக்குப் பேசிய தொகையை உறையில் போட்டு மேடை ஏறும் முன்பே கொடுத்துவிட்டோம். சால்வை வேண்டாம் என்றும் சொன்னேன். ஆளாளுக்கு ஒன்று போர்த்தினால் வீட்டில் அடுக்கி வைக்க இடமிருக்காது. சால்வைக்கு ஆகும் பணத்தை உண்டியலில் போடச் சொன்னோம். மாஸ்டரின் கிளாரினெட்டுக்குப் புதுத் தக்கையும் ஸ்பிரிங்கும், அத்தையின் ஹார்மோனியத்துத் துருத்திக்குப் புதுத் தோலும், கானா அண்ணனுக்குக் கண் அறுவைச் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியும் அதில் கிடைத்தன. பெரியவர்கள் ஒருவருக்காவது மாலையும் சால்வையும் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். மூவருக்கும் ஆளுக்கொன்று என்று முடிவானது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கானா அண்ணனுக்கு வாழ்க்கையில் முதல் சால்வை அது. விழா முடியும்வரை தோளிலிருந்து எடுக்கவே இல்லை.

அரசியல் தலைவர் யாரையும் தலைமைக்கு அழைக்கவில்லை. அழைத்திருந்தால் வந்திருப்பார்கள், தாமதமாக வந்திருப்பார்கள், அவர்களுக்காக மூன்று முதியவர்கள் காத்திருந்திருப்பார்கள். பேசியவர்கள் எல்லாரும் அவர்களால் ஏதோ ஒன்றைப் பெற்றவர்கள். பேசுகிறவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: புகழ்ச்சிச் சொல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள், எந்த ஆண்டு, யார் வீடு, என்ன வாசித்தார்கள். மீன்பாடி வண்டி ஓட்டும் ஒருவர், தன் மனைவி இறந்தபோது கையில் காசில்லாமல் பேண்டு வேண்டாம் என்று சொல்லியும் மாஸ்டர் வந்து நின்றதைச் சொன்னார். வேறொன்றும் சொல்ல வரவில்லை. மைக்கைப் பிடித்தபடியே மாஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

கானா அண்ணன் ஏற்புரைக்கு எழுந்தபோது பாடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் பெயர்கள் சொன்னார். தனக்குச் சட்டி அடித்தவர், டேப் அடித்தவர், புல்புல்தாரா வாசித்தவர், குரல் கொடுத்தவர் என்று, இறந்துபோன சகாக்களின் பெயர்களை, அவர்கள் வாழ்ந்த தெருப் பெயரோடு வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்திலிருந்து யாராவது ஒரு குரல் "ஆமாம்" என்றது. அந்தப் பெயர்களை நான் அங்கேயே எழுதிக்கொண்டேன். அவை அச்சில் வரவேண்டும்.

தாள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற தெருக்காரர்களுக்கு வேண்டியது அதுதான். அழைப்பிதழை என் கடையிலேயே வடிவமைத்தேன். மூவரின் முழுப்பெயர், இன்ன வாத்தியம், எத்தனை ஆண்டு அனுபவம், என்ன சேவை என்று தெளிவாகப் போட்டோம். விழாவுக்கு முன்பே வீடு வீடாகப் போய்க் கடிதம் வாங்கினோம். என் வீட்டில் இன்ன தேதியில் நடந்த நிகழ்ச்சியில் இவர் வாசித்தார் என்று குடும்பத்தார் எழுதி, கையெழுத்து போட்டு, பழைய புகைப்படம் இருந்தால் நகல் இணைத்துக் கொடுத்தார்கள். கல்யாண ஆல்பங்களில் மாஸ்டர் எத்தனை படங்களில் இருக்கிறார் தெரியுமா! மாப்பிள்ளைக்குப் பின்னால், குதிரை வண்டிக்குப் பக்கத்தில், பாதி முகம், கன்னம் உப்பி. யாரும் அவரை எடுக்க நினைத்து எடுத்த படங்கள் அல்ல. அத்தனையையும் சேர்த்து ஒரு கோப்பாக்கினோம்.

மூவருக்கும் மூன்று வழிகளில் மனு எழுதுகிறேன். மாஸ்டருக்கு அந்த மாத நிதியுதவி. கானா அண்ணனுக்கு, 2007-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் பதிவு. அவருடைய சட்டிக்காரரையும் டோலக்குக்காரரையும் சேர்த்தே பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். அத்தைக்கு மாவட்டக் கலை மன்ற விருது. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குக் கலை இளமணி, முப்பத்தைந்து வரை கலை வளர்மணி, ஐம்பது வரை கலைச் சுடர்மணி, அறுபத்தைந்து வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. எங்கள் அத்தைக்கு அறுபத்தெட்டு. முதுமணிக்கு மனு போடுகிறோம். கலைமாமணி எல்லாருக்கும் தெரியும். மாவட்ட அளவில் இப்படி ஒன்று இருப்பது எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது சபாக்காரர்களுக்கானது என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். பேண்டு வாத்தியமும் இசைதான், கானாவும் இசைதான், சர்ச் ஹார்மோனியமும் இசைதான். மனுவில் இந்தச் சொற்களைக் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

அடுத்ததாகத் தவில், நாதசுரம் வாசிக்கும் அண்ணன் தம்பி இருவருக்கும், காசிமேட்டுப் பக்கம் ஒப்பாரி பாடும் பாட்டி ஒருவருக்கும் கோப்பு தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் வீட்டுக் கல்யாணத்திலோ காவடியிலோ துக்கத்திலோ இவர்கள் யாராவது வாசித்திருந்தால், பாடியிருந்தால், பரணில் இருக்கும் ஆல்பத்தை இறக்கிப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் தேதியும் இடமும் வாசித்தவர் பெயரும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். படத்தைக் கொடுக்க மனமில்லை என்றால் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருகிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கடை திறந்திருக்கும்.